பக்கிரிசாமியின் குடல் பரிசீலனையில் உள்ளது

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வசிப்பவரும், அறுபத்தெட்டு வயது நிரம்பியவரும், ஓய்வுபெற்ற பெரிய கிராணியும், அதாவது அரசாங்க இலாகாவின் தலைமைக் குமாஸ்தாவுமான திரு. பக்கிரிசாமி அவர்களின் மலத்தில் ரத்தம் கலந்திருப்பதாக, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் வாரத்தில் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தது கிளினிக் நர்ஸ். கூட இருந்து கேட்டது மனைவி தனலெட்சுமி.

"பயப்படாதீங்க அங்கிள், இது இருந்தாலே கேன்சர்னு இல்ல. ஆனா பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கோப் போட்டுப் பாத்துடணும்."

"ஸ்கோப்னா?"

நர்ஸ் கையால் காட்டினாள். இவ்வளவு நீளக் குழாய், முனையில் கேமரா, போகும் வழி இன்னது. மனுஷனுக்கு முகம் செத்துப்போனது. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் அவரை ஒருத்தரும் அந்தப் பக்கத்திலிருந்து ஆடிட் செய்ததில்லை.

ஏப்ரலில் தேதி கொடுத்தார்கள். அதற்குள் கொரோனா ஊரடங்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே ஆஸ்பத்திரிக் கடிதமும் வந்தது.

"தவிர்க்க இயலாத காரணங்களால் தங்கள் சந்திப்பு ஒத்திவைக்கப்படுகிறது. தங்கள் விவகாரம் பரிசீலனையில் உள்ளது. புதிய தேதி உரிய காலத்தில் அறிவிக்கப்படும். அதுவரை தாங்கள் அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். அறிவிப்பு ஏதும் வராவிடில், அனைத்தும் முறையாக நடைபெறுவதாகக் கருதவும்."

பக்கிரிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னங்க, என்ன எழுதியிருக்கான்?" என்று தனலெட்சுமி பதறினாள்.

"தனம், இது என் லெட்டர்!"

உண்மைதான். பெட்டாலிங் ஜெயாவில் அவர் இருந்த இலாகாவுக்காக, 1994இல், அவரே உட்கார்ந்து வரைந்த கடிதம் அது. அந்த இலாகாவில் கே.ஐ.வி., அதாவது 'கீப் இன் வியூ' தட்டு என்று ஒன்று உண்டு. கண் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டிய கோப்புகளை அதில் போடுவார்கள். போட்டபின் ஒருவரும் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டார்கள். தட்டில் இருக்கிற கோப்புக்காரர்கள் கவுன்டருக்கு வந்து கத்தாமலிருக்கத்தான் இந்தக் கடிதம். அதற்காக அவருக்குச் சிறந்த சேவை விருதும் ஒரு சுவர்க் கடிகாரமும் கிடைத்தன. பயிற்சிப் பட்டறைகளில் மாதிரியாகக் காட்டினார்கள். கடிதம் இலாகா விட்டு இலாகா தொற்றி, கடைசியில் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறது.

"ஒரு எழுத்து மாத்தல, பாரு!"

"உங்க லெட்டர்தானே? அப்போ தேதி எப்போ வரும், சொல்லுங்க."

"தேதி போட்டா ஜனங்க அந்தத் தேதிக்கு வந்து நிப்பாங்கல்ல? அதுக்குத்தான் போடாம விட்டேன்."

சொல்லும்போதே தமக்கும் தேதி இல்லை என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவருக்குப் பயத்தை விட நிம்மதிதான் அதிகம். குழாய் வரவில்லை, பழி கொரோனா மேல். இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அன்று முதல் அவர் ஆரோக்கிய வீரரானார். இரண்டு மாஸ்க், அதன்மேல் ஒரு முகக் கண்ணாடி. வாங்கி வந்த முருங்கைக்காய்க்குச் சோப்புக் குளியல். மணிக்கொரு தடவை விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் பார்த்து, தாம் அட்மினாக இருந்த 'சீனியர் சிங்கங்கள்' வாட்சாப் குழுவுக்கு அறிக்கை அனுப்பினார். உடம்பின் மேல்பாதி இருபத்துநாலு மணி நேரக் கண்காணிப்பில் இருந்தது. கீழ்ப்பாதி கே.ஐ.வி.யில் கிடந்தது.

செப்டம்பரில் போன் வந்தது. ஆஸ்பத்திரிக் கவுன்டரில் இருக்கும் ரமணி.

"அங்கிள், ஸ்கோப்புக்கு முன்னால கோவிட் சுவாப் எடுக்கணும்லா. எடுத்த நாள்லேர்ந்து மூணு நாளைக்குத்தான் ரிசல்ட் செல்லும்."

"ரிசல்ட் வர எத்தன நாளு?"

"நாலு நாளு."

"அப்போ வந்து சேரும்போதே அது செல்லாதே, அம்மா?"

"ஆமா அங்கிள். செல்லலன்னா திரும்ப எடுக்கணும்."

"அதுக்கும் நாலு நாளா?"

"இப்போ கேஸ் கூட. அஞ்சு நாளு."

பக்கிரிசாமிக்குக் கோபமே வரவில்லை. நம்மால் இப்படி ஒன்றை யோசிக்க முடியாமல் போயிற்றே என்று தொழில் முறையில் பொறாமைதான் வந்தது.

போனார், எடுத்தார். சுவாப் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவருக்குக் கோவிட். அஞ்சாம் நாள் கைப்பேசிச் செயலி அவரை 'நெருங்கிய தொடர்பு' என்று அறிவித்துப் பதினாலு நாள் வீட்டில் அடைத்தது. அதாவது, ஆஸ்பத்திரிக்கு வந்த காரணத்தால் அவர் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாது. மறுபடி கடிதம் வந்தது.

"என்னங்க, இப்பவும் ரத்தம் போவுது. பேன்ட் இடுப்புல நிக்கல. எனக்குப் பயமா இருக்கு" என்றாள் தனலெட்சுமி.

அவர் பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டார்.

தீபாவளிக்குக் குழுவில் படம் போட்டார். கிள்ளானிலிருந்து முகுந்தன் எழுதினார்: "அண்ணே, சூப்பர் ஸ்லிம்! ரகசியம் என்னா?" சும்மா இருந்திருக்கலாம். இவர் விடுவாரா? "காலையில் சீரகத் தண்ணி, சாயந்திரம் நடை" என்று தட்டிவிட்டார். நாற்பது பேர் சீரகத் தண்ணி குடிக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷம் ஊரடங்கு திரும்ப வந்தது, மூன்றாவது கடிதமும் வந்தது. ஒரு நாள் கழிவறையில் சிவப்பைப் பார்த்து அவரே பயந்துபோனார். கடிதத்தில் இருந்த விசாரணை எண்ணுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் விசாரணை போனை ஸ்டேஷனரி ஸ்டோரில் வைத்துக் கதவைப் பூட்டியவர் அவர்தான். தினமும் போட்டார். ஒரு மாதம் விடாமல் போட்டார்.

ஊரடங்கு தளர்ந்து, ஒருவழியாகத் தேதி வந்து, ஸ்கோப் போட்டபோது நவம்பர். ஆக இருபது மாதம். குழாய் போனது வந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை, தூங்கிவிட்டார். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று எழுந்து உட்கார்ந்து வெட்கப்பட்டார்.

பிறகு டாக்டர் ஹனீன் உள்ளே கூப்பிட்டாள். மகள் வயது. சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அங்கிள், கட்டி இருக்கு. பெருசாயிடுச்சு, பக்கத்துலயும் பரவியிருக்கு. ஆப்பரேஷன் பண்ணணும், அப்புறம் கீமோ. ரெண்டாயிரத்து இருபதுலயே வந்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. ஏன் இவ்ளோ லேட்?"

பக்கிரிசாமி மூன்று கடிதங்களையும் எடுத்து வைத்தார். தேதி வரிசையில், ஓட்டை போட்டு, கயிறு கோத்து.

டாக்டர் படித்துப் பார்த்தாள். "இதுல 'அவசரம்'னு ஒரு கட்டம் இருந்திருந்தா, கிளினிக்ல காட்டினதும் டிக் பண்ணித் திருப்பி அனுப்பியிருப்பாங்க. உங்கள முன்னாடியே கூப்பிட்டிருப்போம். எவன் இப்படி லெட்டர் எழுதினான்?"

"முதல்ல அந்தக் கட்டம் இருந்துச்சு, டாக்டர். நான்தான் எடுத்தேன்."

"நீங்களா? ஏன்?"

"எல்லாரும் டிக் பண்ணிடுவாங்கன்னு."

தனலெட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த திங்கக்கிழமை அட்மிட் ஆயிடுங்க" என்றாள் டாக்டர்.

"தைப்பூசம் முடிஞ்சு..." என்று அவர் வாயெடுத்தார். தனலெட்சுமி பார்த்த பார்வையில் தைப்பூசம் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது.

வெளியே வந்து, பதிவுக்காகத் தனலெட்சுமி அவருடைய அடையாள அட்டையைக் கைப்பையில் துழாவினாள். கூடவே மடித்த அட்டையொன்று கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். மார்பகச் சோதனைக்கான சந்திப்பு அட்டை. பெயர் தனலெட்சுமி. தேதி மார்ச் 27, 2020.

"தனம், என்ன இது?"

"அதுவா? சின்னக் கட்டி மாதிரி தட்டுப்பட்டுச்சு. அப்பவே கேன்சல் பண்ணிட்டாங்க. முதல்ல உங்களுது முடியட்டும். என்னுத அப்புறம் பாத்துக்கலாம்."

'அப்புறம் பாத்துக்கலாம்.' அதில் காரணம் இல்லை, தேதி இல்லை, அவசரக் கட்டம் இல்லை. கேட்கிறவன் கத்தவும் முடியாது. முப்பத்தாறு வருஷத்தில் இவ்வளவு கச்சிதமாக அவரால் ஒரு வரி எழுத முடிந்ததில்லை.

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். அட்டையின் மேல் ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'அவசரம்' என்று எழுதி, அழுத்தி டிக் போட்டுக் கவுன்டருக்குக் கொண்டுபோனார்.

"அம்மா ரமணி, இத உடனே பாருங்க. ப்ளீஸ்."

"கண்டிப்பா அங்கிள்." ரமணி அட்டையை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, ஒரு தடவை படித்து, தன் இடது பக்கத்திலிருந்த தட்டில் பத்திரமாக வைத்தாள்.

அந்தத் தட்டின் முகப்பில் மூன்று எழுத்து எழுதி ஒட்டியிருந்தது. பக்கிரிசாமிக்கு அதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.