மாமனார் பீரோவில் ஒரு சிங்கிள் மால்ட்

முப்பது வயது முடியும்வரை நான் குடித்திருந்த சிங்கிள் மால்ட் விஸ்கியின் மொத்த அளவை இருமல் மருந்து மூடியில் அளந்தால் ஒன்றரை மூடி தேறும். அதைப் பற்றி நான் பேசியிருந்த பேச்சை அள்ளிப்போக சிவகாசியில் லாரிதான் பிடிக்க வேண்டும்.

அந்த ஒன்றரை மூடியும் ஓசிதான். துபாயிலிருந்து லீவில் வந்த நண்பன் ஒருவன், ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் ஊற்றிக் கொடுத்தான். தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. "எப்படிலே இருக்கு?" என்றான். "முடிவுல லேசா ஒரு புகை வாசம் தெரியுது" என்றேன். (எனக்குப் பின்னால் சமையல்காரர் ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார் என்பது திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.)

எனக்கு சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை. பட்டாசுப் பெட்டி லேபிள்களில் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். ஒரு சீசனில் ஒரு கம்பெனிக்காரர் வந்து, "பெட்டியப் பாத்தா பழைய சீமைச் சரக்கு மாதிரி இருக்கணும்" என்று ஆர்டர் கொடுத்தார். அதற்காகப் பழைய ஸ்காட்ச் விஸ்கி லேபிள்களை இணையத்தில் தேடப் போனவன் திரும்பி வரவேயில்லை. பழைய பாட்டில்களைச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். லேபிளை வைத்து வருடம் சொன்னார்கள். பாட்டில் கழுத்தில் சரக்கு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தார்கள். சாய்த்துவிட்டு நிமிர்த்தினால் கண்ணாடியில் அது எவ்வளவு மெதுவாக வழிகிறது என்று கவனித்தார்கள். ருசியை எழுதும்போது ஈரக் கம்பளி, தார், பழைய மரப்பெட்டி, ஆஸ்பத்திரி வராந்தா என்று எழுதினார்கள். (காலி செய்த வாடகை வீட்டைப் பற்றி எழுதுகிறார்களோ என்றுகூடத் தோன்றும்.) மூன்றே மாதத்தில், வாயில் ஒரு சொட்டு விடாமல், நான் நிபுணனாகிவிட்டேன்.

அப்போது எனக்குத் திருமணமாகி ஒரு வருடம். மாமனார் நாரணாபுரத்தில் சின்னதாக ஒரு பட்டாசு ஆலை வைத்திருந்தார். அவர் வீட்டில் பேச்செல்லாம் லோடு, லைசென்ஸ், மழை, வடக்கத்தி ஏஜெண்ட் என்றுதான் ஓடும். மாதச் சம்பளக்கார மருமகன் அதில் எந்த இடத்தில் வாயைத் திறப்பது? சாப்பிடுவதற்கு மட்டும்தான் திறந்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ பேச்சு வெளிநாட்டுச் சரக்குப் பக்கம் திரும்பியது. நான் இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினேன். மாமா முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்துபோய் ஆபீஸ் அறைக் கதவைச் சாத்தினார்.

"மாப்ள, நம்மகிட்ட ஒண்ணு இருக்கு."

பீரோவில் பழைய பைல்களுக்குப் பின்னாலிருந்து, துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்தார். இருபது வருடத்துக்கு முன்னால், மழைக்கு நடுவிலும் லோடு நேரத்துக்கு வந்து சேர்ந்ததற்காக பம்பாய் ஏஜெண்ட் ஒருவர் கொடுத்ததாம். "ஒரு நல்ல நாளைக்கு ஒடைக்கணும்னு வச்சிருக்கேன். பீரோச் சாவி என் சட்டப் பையவிட்டு எறங்குனதில்ல" என்றார்.

கரும்பச்சைக் கண்ணாடி. லேபிளில் ஒரு கொக்கு, ஏதோ தீவின் பெயர். அச்சகத்திலிருந்து வந்த பருத்திக் கையுறை என் பையில் இருந்தது. மாட்டிக்கொண்டேன். லென்ஸை வைத்துப் பார்த்தேன். லேபிள் அசல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டிய மற்ற எல்லா இடத்திலும் எனக்கு ஆனந்தம்தான் வந்தது. பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. "இருபது வருசத்துல ஒரு சொட்டு ஆவியாகல மாமா, அடைப்பு அம்புட்டு சுத்தம்" என்றேன். மூடிமேல் சிவப்பு மெழுகு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வழிந்திருந்தது. "கையால முக்கி எடுத்தது. மெசின்னா இப்படிக் கோணலா வராது" என்றேன். டார்ச் அடித்துச் சாய்த்தேன். உள்ளே இருந்தது கண்ணாடியில் படிந்து, ஒவ்வொரு கோடாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. அப்படி ஓர் இறக்கத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"எம்புட்டு பெறும்?"

"ரெண்டு லட்சத்துக்குக் கொறையாது. ஆனா இதையெல்லாம் விக்கப்படாது மாமா."

அன்று மதியம் என் இலையில் மட்டும் இரண்டு கோழிக்கால் விழுந்தது.

அடுத்த மாதமே அந்த நல்ல நாள் வந்தது. என் கொழுந்தியாள் கயலுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் வீட்டுக்குக் காரியாபட்டி பூர்வீகம், மதுரையில் குடியிருப்பு. பையனுக்குக் கயலைப் பிடித்துவிட்டது. கயலுக்கும் பையனைப் பிடித்துப்போய் போனும் கையுமாகத் திரிந்தாள். பையனின் அப்பாதான் பிடிகொடுக்காமல், யோசித்துச் சொல்கிறோம் என்று இரண்டுமுறை தள்ளிப்போட்டிருந்தார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த பழைய சிங்கிள் மால்ட் பாட்டில்கள் ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் மாமா தொடையைத் தட்டிக்கொண்டார். கடைசியாக ஒருமுறை பேசிப்பார்க்க அவர்கள் விருந்துக்கு வரும்போது, அந்தப் பாட்டிலை அவருக்கே கொடுத்துவிடுவது என்று முடிவானது. எடுத்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

"நீங்க பேசாம இருந்தீங்கன்னாலே பாதிக் கலியாணம் முடிஞ்ச மாதிரி" என்றாள் என் மனைவி செல்வி. விஷயம் தெரியாதவள் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாடு முடிந்து, மாமாவும் நானும் பையனின் அப்பாவும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தோம். துண்டை விலக்கியதும் அவர் முகம் மாறியது. கண்ணாடியை மாட்டி லேபிளை வெகுநேரம் பார்த்தார். பிறகு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே இருந்த காற்றுக்குமிழி, வாய்தா வாங்கின கேஸ் மாதிரி, நகரலாமா வேண்டாமா என்று யோசித்து நகர்ந்தது. அவர் புருவம் சுருங்கியது. மலைத்துவிட்டார் என்று நான் புரிந்துகொண்டு பேச ஆரம்பித்தேன். மெழுகு, மட்டம், இறக்கம் எல்லாம் சொன்னேன். தீவுச் சரக்குக்கு உண்டான எண்ணெய்ப் பதம் பற்றித் தனியாக ஐந்து நிமிடம் சொன்னேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "தொறந்துதான் பாத்திருவமே" என்றார்.

மாமா பாட்டிலையும் அவரையும் ஒருமுறை பார்த்தார். தலையாட்டினார். நான் கையுறையை மாட்டி, பேனாக்கத்தியால் மெழுகைச் சீவி, கார்க்கை எடுத்து, மூக்கை வைத்தேன். பழைய அலமாரி, அட்டைப்பெட்டி, எங்கோ ஓரத்தில் பெயிண்ட். இணையத்தில் எழுதியிருந்த அத்தனையும் வரிசையாக வந்தது. புல்லரித்துவிட்டது.

அவர் ஒரு சின்ன தம்ளரில் ஊற்றினார். அது விழுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் தள்ளினார். "மதிப்புப் போட்டவுக நீங்க. மொதல்ல நீங்க சாப்பிடுங்க."

ஒரு வாய் எடுத்து, விதிமுறைப்படி நாக்கில் உருட்டி, மென்று, கண்ணை மூடிக்கொண்டேன்.

"எப்படி இருக்கு?"

"நாக்கு முழுக்கப் படியுதுங்க. தொண்டையில எரிச்சலே இல்ல, வயசான சரக்கோட லட்சணம். வறுத்த எள்ளு வாசம்கூட லேசா வருது."

"எள்ளு வருதா?"

"நல்லாவே வருது."

"இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்றார். மிச்சத்தையும் குடித்தேன்.

மாமா தன் தம்ளரை நீட்டிய நேரத்தில் அத்தை வெற்றிலைத் தட்டோடு உள்ளே வந்தார்கள். பாட்டிலைப் பார்த்தார்கள். சீவிப் போட்ட மெழுகைப் பார்த்தார்கள். கடைசியாக என் மீசையைப் பார்த்தார்கள். அது ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ள, அது இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்த எண்ணெயில்லா. அத ஏன் குடிக்கீக?"

மாமா நீட்டிய தம்ளரைப் பின்னுக்கு இழுத்தார்.

"என்ன எண்ணெய்?" என்றார் மாமா.

"நல்லெண்ணெய்தான். கயலு நாலாவது படிக்கையில கோயிலுக்கு வேன் பிடிச்சோமே. வெளக்குக்கு எண்ணெய் கொண்டுபோக நல்ல பாட்டிலாத் தேடுனேன், இதுதான் அம்புட்டுச்சு. சோப்புப் போட்டுக் கழுவி, ஊத்தி, வேன்ல சிந்திரக் கூடாதுன்னு செவப்பு மெழுகுவத்திய உருக்கி அடைச்சேன். ஏறப்போற நேரத்துல ஆத்துல வெள்ளம்னுட்டாக. சாமிக்கு நேந்தத அடுப்படியில பொழங்கக் கூடாதுல்ல, அதான் எடுத்த எடத்துலயே வச்சேன்."

"சாவி?"

"சட்டப் பையிலதான வைக்கீக. சட்டையத் தொவைக்கது யாரு?"

சம்பந்தியாக வரப்போகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், மகள் கல்யாணம் ஊசலாடுகிறது என்பதெல்லாம் மாமாவுக்கு மறந்துவிட்டது. "அப்ப உள்ள இருந்தது எங்கடி?" என்றார்.

"கறிவேப்பிலைக்கு ஊத்துனேன். ஒரே வாரத்துல பட்டுப்போச்சு. செடிக்கே இந்தக் கதின்னா மனுசன் குடிச்சா என்னத்துக்கு ஆவான்னு அப்பமே நெனச்சேன்."

பதினைந்து வருடமாக நல்லெண்ணெய்க்குக் காவல் இருந்தவர் தம்ளரை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கயலின் கல்யாணத்தை என் நாக்காலேயே நக்கி அழித்துவிட்டேன் என்று தோன்றியது. எழுந்து ஓடலாம் என்றால் கதவுப் பக்கம் அத்தை நின்றார்கள். வாயைத் துடைக்கலாம் என்றால் கையில் பருத்திக் கையுறை.

கப்பல்காரர் மட்டும் நிதானமாக இருந்தார். ஒரு விரலால் பாட்டில் வாயைத் தொட்டு முகர்ந்தார். "விருதுநகர்ச் செக்குங்களா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"ஆமாண்ணே, நின்னு பாத்து ஆட்டுனது."

"இத்தன வருசத்துக்கு, பரவாயில்லாமத்தான் இருக்கு."

கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்தியும் முடியாமல் வெடித்துச் சிரித்தார்கள். கயல்தான். அடுத்து செல்வி. (என் பெண்டாட்டி சிரிப்பு எனக்குத் தெரியாதா?) அதற்குப் பிறகு கப்பல்காரர் சிரித்தார் பாருங்கள், நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி மாப்பிள்ள, உள்ள இருக்கிறத விடுங்க. லேபிளப் பத்தி என்ன சொல்றீக?"

எனக்கு அந்த நிமிடத்தில் தலை நிமிர்ந்தது. நாக்கில் எண்ணெய் வழுக்கினாலும் சொல் வழுக்கவில்லை. "லேபிள் அசலுங்க. தங்க நிறம் ஃபாயில் தாள் ஒட்டுனதில்ல, மையடிச்சு மேல தங்கப் பொடி தூவுனது. கொக்கு றெக்கையில நீலமும் சிவப்பும் மயிரிழை தள்ளி விழுந்திருக்கு. கள்ள லேபிள் அடிக்கிறவன் அதச் சரி பண்ணிருவான். இது சரி பண்ண முடியாத காலத்துல அடிச்சது." லென்ஸை நீட்டினேன். அவர் வாங்கி, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"நெசந்தான்" என்றார். "பாட்டிலும் லேபிளும் அசல். கழுவிக் குடுங்க, அலமாரியில வச்சுக்கிறேன்." பிறகு மாமாவைப் பார்த்து, "ரெண்டு தடவ வந்தப்பவும் இந்த வீட்ல எல்லாரும் வெறப்பா உக்காந்திருந்தீக. நம்ம பையன் கலகலன்னு வளந்தவன், எப்படி ஒட்டுவான்னுதான் யோசிச்சேன். இனி யோசிக்க ஒண்ணுமில்ல. நாள் பாருங்க" என்றார்.

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுவதும் நான் எங்கே இருந்தேன் என்பதை எழுத முடியாது. உள்ளிருந்தபடியே கல்யாணத் தேதி குறித்த செய்தியைக் கேட்டேன் என்று மட்டும் சொல்லலாம்.

அத்தை விடவில்லை. "சாமி எண்ணெயக் குடிச்சவுக சும்மா இருக்கப்படாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதனால் வருடந்தோறும் ஐந்து லிட்டர் நல்லெண்ணெயைச் சுமந்துகொண்டு சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்கு நடக்கிறேன். சம்பந்தி இப்போதும் எந்தப் பழைய பாட்டில் வாங்கினாலும் முதலில் லேபிளைப் படமெடுத்து எனக்குத்தான் அனுப்புகிறார். நான் சொல்லி அவர் தவிர்த்த போலிகள் இதுவரை நான்கு. கொக்குப் பாட்டில் அவர் அலமாரியில் நடுத்தட்டில் நிற்கிறது. கீழே அவர் கையால் எழுதிய சீட்டு: நிறம் பொன், மணம் எள், மதிப்பிட்டவர் பெரிய மாப்பிள்ளை.

இந்த வருடம் கோயிலுக்கு எண்ணெய் வாங்க நானும் செல்வியும் விருதுநகரில் ஒரு செக்குக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு கரண்டியில் எண்ணெய் எடுத்து செல்வியிடம் நீட்டினார். "அவுககிட்டக் குடுங்க" என்றாள். வாங்கி நாக்கில் விட்டு, உருட்டி, விழுங்கினேன்.

"போன வருச எள்ளையும் புது எள்ளையும் கலந்து ஆட்டியிருக்கீக" என்றேன்.

கடைக்காரர் முகம் விழுந்துவிட்டது. உள்ளே போய் வேறு டின் எடுத்துவந்தார். எனக்கு நேராகக் கேட்கத் தயங்கி, செல்வியிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"சாருக்கு எண்ணெய் யாவாரமா?"

"இல்லண்ணே" என்றாள் செல்வி. "விஸ்கி."