சாயா நன்றியுரைக்குப் பிறகு

ஆராய்ச்சி செய்வது பெரிய காரியம் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஆராய்ச்சி செய்பவருக்கு ஆதரவு கொடுப்பதுதான் பெரிய காரியம். அந்த அரும்பணியைப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு நாங்கள் பதினோரு மாதம் செய்தோம். வருங்காலம் இதை அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் அமைப்பின் பெயர் ‘ஃபார்மசி ரெசிடென்ட்களுக்கான ஆராய்ச்சிப் பயிற்சி ஆதரவுக் குழு’. தலைவர் டாக்டர் தேவகுமார், ஆஸ்பத்திரியும் அவருடையதுதான். செயலாளர் சுவாமிதாஸ், அதாவது அடியேன். எங்களையும் சேர்த்து உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஆதரவு பெற வேண்டிய ரெசிடென்ட் ஒரே ஒருத்தி. தலைக்கு ஒன்பது பேர் ஆதரவு என்ற கணக்கு வேறெங்கும் கிடையாது என்று தலைவர் பெருமையாகச் சொல்வார்.

அந்த ஒருத்தி ஜோஸ்னா. ஃபார்மசி படித்துவிட்டு, தனுவச்சபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எங்களிடம் பயிற்சி பெற்ற பெண். வந்த முதல் வாரமே என் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், எனக்கு ஒரு மேசை கிட்டணும். ஓ.பி. வாசல்ல போடதுக்கு.”

“எதுக்கு?”

“இஞ்ச வாற ஆளுகளுக்க பையைப் பாக்கணும். வீட்டுல இருக்க குளிகை முழுசும் கொண்டு வரச் சொல்லி, எதையெல்லாம் தின்னுதாங்கண்ணு எழுதணும். அதாக்கும் எனக்க ஆராய்ச்சி.”

“வெறும் பையா?” என்றேன். என் ஏமாற்றத்தை மறைக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் கேரள எல்லைப் பகுதியில் பலருக்கும் இந்தப் பக்கம் ஒரு டாக்டர், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர். ஒருவரிடம் மற்றவரைப் பற்றிச் சொல்வது மரியாதைக் குறைவு என்பதால் யாரும் சொல்வதில்லை. சரசம்மா என்ற அறுபத்தெட்டு வயது அம்மா மருந்துக் கவுண்டரில் இரண்டு பைகளைத் திறந்து காட்டியபோதுதான் ஜோஸ்னாவுக்கு இது தெரிந்திருக்கிறது.

“சிவப்புப் பையில உள்ளது கேரளா சுகருக்கு, நம்ம தேவகுமார் டாக்டரு தந்தது,” என்று சரசம்மா விளக்கியிருக்கிறார். “மஞ்சப் பையில உள்ளது தமிழ்நாடு சுகருக்கு. மகளுக்க வீட்டுப் பக்கத்து டாக்டரு தந்தது.”

இரண்டும் ஒரே மருந்து. கம்பெனிப் பெயர்தான் வேறு.

“அம்மா, இதுல ஒண்ணு போதும். ரெண்டும் தின்னா சுகர் ஒரேயடியா எறங்கி மயங்கி விழுவீங்க,” என்று ஜோஸ்னா சொல்லிப் பார்த்தாள்.

“நீ கொச்சுப் பிள்ளையில்லியா மக்கா. டாக்டரு சொல்லட்டு, நிறுத்துதேன்.”

நியாயமான நிபந்தனை. ஜோஸ்னா தலைவரிடமே போனாள். நானும் உடனிருந்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னது இன்னும் என் நினைவில் நிற்கிறது.

“மோளே, ஆராய்ச்சி முடியாம முடிவைப் பறயக்கூடாது. அது சயன்சுக்கு எதிராக்கும்.”

“சார், அவுங்க தினமும் தின்னுதாங்க.”

“தின்னட்டும். அதுதானே உனக்க டேட்டா?”

ஜோஸ்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விஞ்ஞானத்தின் கண்டிப்பு அந்த வயதில் புரியாது.

அதன்பின் எங்கள் ‘ஆதரவு’ மழையாகப் பொழிந்தது. ஆராய்ச்சிக்குத் தலைப்பிடுவது எப்படி என்று மூன்று நாள் பயிலரங்கு நடத்தினோம். ‘பையைப் பார்ப்பது’ என்ற அவளுடைய தலைப்பு இருபத்தேழு சொற்களாக வளர்ந்தது. கழுத்தில் மாட்டும் அட்டை கொடுத்தோம். வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தோம்; அதில் ஒன்பது படங்கள் இருந்தன, ஜோஸ்னாவின் படத்துக்கு இடம் போதவில்லை. கட்டுரையின் ‘நன்றி’ப் பகுதியில் குழு உறுப்பினர்களின் பெயர்களை எந்த வரிசையில் போட வேண்டும் என்று நானே ஒரு முழுநாள் வகுப்பெடுத்தேன். எதைக் கவனித்தாலும் நேரம், பெயர், சொன்ன வார்த்தை மூன்றையும் அப்படியே குறிக்க வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தேன்.

மேசை மட்டும் தரவில்லை. முறைப்படி தொடக்கவிழா நடக்காமல் மேசை போட்டால் அது வெறும் மேசை.

பதினோராம் மாதம் விழா வந்தது. மேசையும் வந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, சாயா பாத்திரத்தையும் பழம்பொரியையும் வைத்தோம். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். அரங்கில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தது தலைவருக்குப் பிடிக்கவில்லை. ஓ.பி.யில் காத்திருந்த நோயாளிகள் நாற்பது பேரை டோக்கனோடு மேலே ஏற்றி உட்கார வைத்தேன். இந்த யோசனைக்காக என்னைப் பலரும் பாராட்டினார்கள்.

இரண்டாம் வரிசையில் சரசம்மா, மடியில் இரண்டு பைகளோடு உட்கார்ந்திருந்தார். காலையில் இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துப் போட்டுக்கொண்டு, கட்டன்சாயா மட்டும் குடித்துவிட்டு வந்தவர்.

பதினொன்று பத்துக்கு ஜோஸ்னா என்னிடம் ஓடி வந்தாள். தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு கிளாஸ் சாயா. சீனி கூடுதலா போட்டு. சரசம்மாவுக்கு வேர்த்து ஒழுகுது, தலை கறங்குதாம்.”

“சாயா நன்றியுரைக்குப் பிறகு,” என்றேன்.

“சுகர் எறங்குது சார்!”

“விருந்தினர் இன்னும் குடிக்கல்ல. ஒரு முறை உண்டு.”

அவள் கையை நீட்டினாள். நான் மேசைக்கு முன்னால் நின்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாள்; பிறகு கீழே கேன்டீனுக்கு ஓடினாள். இரண்டு மாடி. அந்த இடைவெளியில் சரசம்மாவின் தலை தொங்கியது. உறங்குகிறார் என்று நினைத்தோம். தலைவர் பேசும்போது அது சகஜம். மேடையில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள், மூவரும் தலைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோஸ்னா சர்க்கரைத் தண்ணீரோடு வாசலுக்கு வரும்போது சரசம்மா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். தலை சிமென்டுத் தரையில் மோதிய சத்தம் மைக்கிலும் கேட்டது.

நான்காம் நாள் இறந்துபோனார். மகள் அந்தப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டு போனாள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குழு அவசரமாகக் கூடி ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தது. பிறகு ஜோஸ்னாவுக்கு மேசை வழங்கலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் அவளுடைய ஆய்வறிக்கையின் பிரதி எனக்குத் தபாலில் வந்தது. அவள் இப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஆவலோடு முதலில் ‘நன்றி’ப் பக்கத்தைப் புரட்டினேன். சரசம்மாவின் பெயர் மட்டும் இருந்தது.

மனம் தளராமல் மேலே படித்தேன். என் பெயர் உள்ளே இருந்தது. ‘மரணத்துக்கான காரணங்கள்’ என்ற பகுதியில், ஒரே மருந்தின் இரட்டை அளவுக்கு அடுத்தபடியாக இரண்டாவது இடத்தில் இருந்தது: ‘காலை 11.10. செயலாளர் சுவாமிதாஸ். சாயா நன்றியுரைக்குப் பிறகு.’

நேரம் சரி, பெயர் சரி, சொன்ன வார்த்தையும் சரி. நாங்கள் கொடுத்த பயிற்சியில் ஒரு குறையும் இல்லை.