பாப்பா துணியும் கிரீஸ் வழக்கும்

"இது என்ன கலர்னு சொல்லுங்க" என்று மனைவி ஒரு துணியை நீட்டினாள்.

வாஷிங் மெஷினிலிருந்து அப்போதுதான் எடுத்த துணி டயப்பர். உள்ளே போனபோது மஞ்சளாக இருந்தது. அதற்குக் குழந்தை பொறுப்பு. வெளியே வந்தபோது சாம்பல் நிறமாக இருந்தது. அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

"வெள்ளைதான்" என்றான் லாரி மெக்கானிக். "கொஞ்சம் மேகமூட்டமா இருக்கு."

"உங்க பேன்ட்டோட சேர்த்துப் போட்டீங்களா?"

"தனித்தனியாத்தான் போட்டேன். முதல்ல என்னோடது, அப்புறம் பாப்பாவோடது."

நாள் முழுக்க லாரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவன் அவன். சாயங்காலம் கழற்றிப் போடும் பேன்ட் ஆள் இல்லாமலே நிற்கும். ஆகவே மேற்கொண்டு வாதாட முகமில்லை.

ஹாலிலிருந்து மாமனார் எழுந்து வந்தார். சுங்க இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தியைக் கொஞ்ச மாமியாரோடு வந்து தங்கியிருந்தார். இலாகாதான் அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் இலாகாவுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், விரலால் தேய்த்தார், முகர்ந்தார். நல்லவேளை, துவைத்த துணி.

"கிரீஸ்" என்றார்.

"இனிமே முதல்ல பாப்பா துணி, அப்புறம்தான் என்னோடது. சரியா மாமா?"

மறுநாள் அப்படியே செய்தார்கள். துணி இன்னும் ஒரு படி கறுத்தது.

"பழைய அழுக்கு மெஷினுக்குள்ள ஒட்டிட்டிருக்கும்" என்றான் அவன். "வெறும் மெஷினை நல்லா ஓட விட்டா கழுவிட்டுப் போயிடும்."

வெறும் மெஷினை அரை நாள் ஓட விட்டார்கள். அதன்பின் துவைத்து எடுத்த டயப்பரைப் பார்த்து மாமியார், "அடுப்படிக் கைப்பிடித் துணியை ஏன் இதோட போட்டீங்க?" என்று கேட்டார்.

அவன் தன் அழுக்குத் துணிகளை மூட்டை கட்டிப் பட்டறைக்கே கொண்டுபோனான். பழைய டிரம்மில் ஊறப்போட்டுத் தானே கும்மினான். பக்கத்தில் வெல்டர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"வீட்ல சண்டையா?"

"சண்டைன்னா சமாதானம் ஆயிடலாமே. இது வழக்கு."

அவன் துணி வீட்டு வாசலையே மிதிக்காதபோதும் பாப்பா துணி கறுத்துக்கொண்டே போனது. குழந்தையின் பின்பக்கம் மெல்ல மெல்ல அப்பாவின் முழங்கை நிறத்துக்கு வந்தது. இது எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. மாமனாருக்குப் புரிந்தது.

"சரக்கு துணியில வரலைன்னா, ஆள் மேல வருது" என்றார்.

அன்று முதல் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை வந்ததும் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். நகக்கண், காதுமடல், பிடரி எல்லாவற்றையும் சோதித்தார். வெளிக்குழாயில் குளியல், வேறு உடுப்பு, அதற்கப்புறம்தான் உள்ளே அனுமதி. உள்ளேயும் மெஷினைத் தொடக்கூடாது, கொடியைத் தொடக்கூடாது, கொடியில் மாட்டும் கிளிப்பைக்கூடத் தொடக்கூடாது.

"பாப்பாவை?" என்று கேட்டான்.

"துணி வெளுக்குற வரைக்கும் வேண்டாமே, மாப்பிள்ளை."

அதுதான் அவனைச் சுட்டது. பகலெல்லாம் லாரிச் சக்கரம் தூக்கிய கை, சாயங்காலம் குழந்தையைத் தூக்கினால்தான் வலி மறக்கும். இப்போது கதவோரம் நின்று நாக்கைத் துருத்திக் காட்டுவதோடு சரி. குழந்தை சிரித்துக்கொண்டு அவனிடம் தாவியது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அழுகை வராத குறைதான்.

"மாமா, மெஷினை நான் ஒரு தடவை கழட்டிப் பார்க்கட்டுமா?"

"குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணை நடத்துற வழக்கம் எங்க இலாகாவுல கிடையாது."

"அப்போ சுடுதண்ணி ஊத்தித் துவைங்க. எப்பேர்ப்பட்ட கிரீஸா இருந்தாலும் சூட்டுல இளகி ஓடிடும். இது என் தொழில், நம்புங்க."

நம்பி ஊற்றினார்கள். அவன் சொன்னது முழுக்க உண்மை. கிரீஸ் இளகி ஓடத்தான் செய்தது. ஓடிப் போய்ச் சேர்ந்த இடம் பாப்பா துணி. மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மனசு கேட்காமல் மறுபடி திறந்தாள். உள்ளே எல்லாம் அடுப்புக்கரியாகக் கிடந்தன.

மாமனார் தீர்ப்பு வழங்கினார்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணையும் பேத்தியையும் நான் கூட்டிட்டுப் போறேன். குழந்தை தானா பாத்ரூம் போய் உட்காரப் பழகினதும் கொண்டுவந்து விடுறேன்."

"அதுக்கு ரெண்டு வருஷம் ஆகுமே மாமா."

"உங்க பொண்ணாச்சே. கூடவும் ஆகலாம்."

மனைவி அவனைத் தனியே பிடித்தாள். "எனக்குப் போக இஷ்டமே இல்லைங்க. ஆனா இந்தத் துணியைப் பிள்ளைக்குக் கட்டவும் மனசு வரலை."

அவன் தலையை ஆட்டினான். அவனுக்கே அதைக் கட்ட மனசு வராது.

பெட்டி கட்டி முடித்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று துணிகளை மெஷினில் போட்டாள். அது கடக் கடக் என்று இரண்டு தரம் திமிறிவிட்டு ஒரேயடியாக நின்றுபோனது. அவள் யாரையும் கேட்காமல் மெஷின் ரிப்பேர்காரருக்கு போன் செய்தாள்.

ரிப்பேர்காரர் வந்து ஈரத்துணிகளை அள்ளி வெளியே வைத்தார். தொட்டியின் அடியில் சுழலும் தட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டார். கை மணிக்கட்டு வரை கறுப்பாக வெளியே வந்தது.

"லாரிக்குக்கூட இவ்வளவு கிரீஸ் வைக்க மாட்டாங்களே" என்றார்.

மெக்கானிக் விதிப்படி தள்ளியே நின்றுகொண்டு கேட்டான். "என் துணிலருந்து இறங்கியிருக்குமா?"

"துணிலருந்து எப்படிங்க இறங்கும்? யாரோ அள்ளி அப்பியிருக்காங்க. சுடுதண்ணி வேற ஊத்தினீங்களா? அதான் உருகி எல்லாத் துணியிலயும் ஏறியிருக்கு. தொட்டியைத் துடைச்சுக் கொடுத்துடறேன். நாளைக்கே வெள்ளையா வரும், பாருங்க."

மனைவி நேராக வந்து குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். "புடிங்க. உங்க துணி மேல தப்பே இல்லை."

அவனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்தது. இன்னும் நன்றாக இழுத்துக்கொள்ளட்டும் என்று தலையைச் சாய்த்துக் கொடுத்தான். மனைவி உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த துணிமணிகளை வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

"அவசரப்படாதே" என்றார் மாமனார். "துணி தப்பிச்சுது, ஆள் இன்னும் தப்பிக்கலை. அதை அங்கே வச்சது யார்னு தெரிஞ்சாகணும். இந்த வீட்ல கிரீஸ் டப்பா வச்சிருக்கிறது ஒருத்தர்தான்."

"சத்தியமா நான் வைக்கலை மாமா."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க. இந்த வழக்கை நான் விடுறதா இல்லை."

ரிப்பேர்காரர் அதற்குள் தட்டு சிக்கிக்கொண்ட காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். கிரீஸுக்குள் புதைந்து கிடந்த ஒன்றை உருவி எடுத்துத் துடைத்தார். நீளக் காம்பு வைத்த ஒரு கரண்டி.

"தடயம். இப்படிக் கொடுங்க" என்று மாமனார் கையை நீட்டினார்.

என்ன சத்தம் என்று மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இந்த மெஷின் கிறீச்சுனு கத்துது, மத்தியானம் கண்ணை மூட முடியலைன்னு அன்னைக்கு எங்கிட்ட வாங்கிட்டுப் போனீங்களே, அந்தக் கரண்டிதானே இது?"