வெளியே கொடுக்காதவர்

வெளியே கொடுக்காதவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கஞ்சர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போனால் இலை போட்டுச் சாப்பிட வைக்காமல் அனுப்பமாட்டார், அவசரமென்றால் காரை எடுத்துக்கொண்டு தானே ஓடி வருவார். ஆனால் தன் வீட்டு வேலை ஒன்றை இன்னொருவன் கையில் ஒப்படைப்பது என்றால் மட்டும் அவருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது. மிளகாய் அரைக்க மில்லுக்குப் போகமாட்டார், வீட்டிலேயே மிஷின் வைத்திருப்பார். சட்டையைத் தேய்க்க வெளியே கொடுக்கமாட்டார், முதுகில் பழுப்புத் தழும்போடு கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். முடிவெட்டிக்கொள்ள மட்டும் வெளியே போகிறாரே என்கிறீர்களா? அதற்கும் ஒரு கருவி வாங்கி முயன்ற காலம் உண்டு. அந்த மாதம் முழுக்க அவர் தலையில் துண்டு இருந்தது.

இந்த இனம் இப்போது இணைய காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இன்றைக்கு ஒரு கடை வெளியூர், வெளிநாட்டு ஆர்டர் எடுக்கவேண்டுமென்றால் அதற்கு ஒரு வெப்சைட்டு வேண்டும், ஒரு மெயில் வேண்டும். இதையெல்லாம் எங்கோ ஒரு கம்பெனி தன் கட்டடத்தில், தன் மிஷினில், தன் கரண்டில் வைத்து ஓட்டிக் கொடுக்கிறது. மாதாமாதம் வாடகை மாதிரி கட்டிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம். ஊரே அப்படித்தான் செய்கிறது. வெளியே கொடுக்காதவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றுவார். துடைப்பார். "அவன் எங்க வச்சிருக்கான்?" என்பார். தெரியாது என்பீர்கள். "யாரு கையில இருக்கு?" என்பார். அதுவும் தெரியாது. "நாளைக்கு அவன் கடையச் சாத்திட்டுப் போயிட்டா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொள்வார். கேள்வியில் நியாயம் இல்லையென்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் இந்த இனத்தோடு பெரிய தொல்லை.

அமராவதிபுதூரில் என் எதிர்வீட்டுக்காரர் பூமிநாதன் இந்த இனத்தில் முதல் தரம். ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியின் மெயில், மார்க்கு, வருகைப்பதிவு எல்லாமே ஒரு காலத்தில் அந்த லேபிலிருந்த பெரிய மிஷினில்தான் இருந்தன. மிஷினுக்குச் சாவி அவர் இடுப்பில். பிறகு நிர்வாகம் எல்லாவற்றையும் வெளியே கொடுத்தது. மிஷின் ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் யார்? சொல்லவேண்டுமா?

இங்கேதான் அவர் மனைவி ஈஸ்வரியைச் சொல்லவேண்டும். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் என்று பலகாரம் போட்டு விற்கிறவர். பின்கட்டில் வரிசையாக அடுப்பு, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து முறுக்குச் சுற்றுவார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பார்சல் போகும். தீபாவளிதான் அவருக்கு வருஷம். அந்த ஒரு மாதத்து ஆர்டரை நம்பித்தான் அந்தப் பெண்களும் தங்கள் வீட்டுத் தீபாவளியைத் திட்டம் போடுவார்கள்.

ஏலத்து மிஷின் லாரியில் வந்து இறங்கியபோது வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் முறுக்கு டின்கள் இருந்தன. டின்கள் மாடிப்படிக்கு அடியில் போயின. அறைக்குள் மிஷின் போனது. மிஷினுக்குச் சூடு ஆகாது என்று ஏசி வந்தது. சித்திரை வெயிலில், அடுப்பு வெக்கையில் ஒரு வீடே வெந்துகொண்டிருக்க, அந்த வீட்டில் போர்வை தேவைப்பட்ட ஒரே ஜீவன் அந்த மிஷின்தான். விருந்தாளி வந்தால் தண்ணீருக்கு முன்னால் மிஷின் தரிசனம். செருப்பை வெளியே விடவேண்டும்.

"உள்ள வாங்கண்ணே. கதவச் சாத்துங்க, கதவச் சாத்துங்க, குளிர் போயிரும்! பாத்தீகளா, பச்சை லைட்டு? ஈஸ்வரியோட யாவாரம் பூராம் இதுக்குள்ளதான் இருக்கு. சிங்கப்பூர்க்காரன் அங்குட்டு ஒரு கிலோ முறுக்குன்னு அமுக்குனா இங்குட்டு நம்ம வீட்டுல வந்து விழுகும். நடுவுல ஒருத்தன் கிடையாது."

நடுவில் ஒருவன் இருந்தான். மழை.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் பிடித்த மழையில் கரண்டு போனது. பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கியது, பிறகு அதுவும் படுத்துக்கொண்டது. மிஷின் நின்றது. சிங்கப்பூர்க்காரர் அமுக்கினார். மலேசியாக்காரர் அமுக்கினார். அமுக்கியவர்களுக்கெல்லாம் வெள்ளைத் திரைதான் கிடைத்தது. பண்டிகையை வைத்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள்? வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள். கரண்டு திரும்பி வந்தபோது அதிரச மாவு புளித்திருந்தது. ஈஸ்வரி அந்தப் பெண்களை வேலை இல்லையென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். நான் பார்த்தேன். எனக்கு அன்றைக்கு அந்த மிஷினைத் தூக்கி ஊருணியில் போடவேண்டும் போலிருந்தது.

பூமிநாதன் வந்து பக்கத்தில் நின்றார். ஆறுதல் சொன்னார்.

"மிஷின்ல ஒரு தப்பும் இல்ல ஈஸ்வரி. கரண்டுலதான் தப்பு."

அவர்கள் மகள் சத்தியப்பிரியா கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். நான் அவர்கள் வீட்டுப் பேப்பரை இரவல் வாங்கப் போனவன், காபியும் கிடைத்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

"வெளிய குடுத்துருவோம்ப்பா. மழை பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும் அவங்க பாத்துக்குவாங்க."

"நம்ம வீட்டுப் பொருள ஊரான் வீட்டுல வைக்கச் சொல்றியா?"

"உங்க பென்சன் எங்கப்பா இருக்கு?"

"பேங்குல."

"பேங்கு நம்ம வீடாப்பா?"

பூமிநாதன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "அது வேற, இது வேற" என்றார். இந்த இனத்தின் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எழுந்து காபி டம்ளரைக் கழுவ வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். நானும் வந்துவிட்டேன்.

இந்த வருஷமும் தீபாவளி வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் மழையும் வந்தது, அதுவும் சாதாரண மழையா? மரம் சாய்ந்து ஒயர் அறுந்து, தெருவே இருட்டிப்போய், எங்கள் வீட்டில் மாவு அரைக்க வழியில்லாமல் உப்புமாவாகவே தின்றுகொண்டிருந்தோம். எதிர்வீட்டு ஏசி நின்றுவிட்டது. போச்சு, அந்த அம்மாள் இந்த வருஷமும் அழப்போகிறார் என்று குடையை எடுத்துக்கொண்டு போனால், பின்கட்டில் எல்லா அடுப்பும் எரிகிறது! பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு முறுக்குச் சுற்றுகிறார்கள். ஈஸ்வரியின் செல்போன் நிமிஷத்துக்கு ஒருதரம் டிங் டிங் என்கிறது. ஒவ்வொரு டிங்கும் ஓர் ஆர்டர்.

பூமிநாதன் நடுவீட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார்.

"பாத்தீகளாண்ணே? நிக்குதா நம்ம மிஷினு? புது பேட்டரி போட்டேன்ல!"

"ஏசியே நின்னுருச்சேய்யா. பச்சை லைட்டும் எரியலையே."

"லைட்டு எரியாட்டியும் அது உள்ளுக்குள்ள வேல பாக்கும்ண்ணே. பழக்கம்."

பழக்கமாம்! இதையே அவர் டீக்கடையிலும் சொன்னார், கோயில் கூட்டத்திலும் சொன்னார், வெளியே கொடுத்தவர்கள் கதி என்னவென்று ஒரு பிரசங்கமே வைத்தார். அவரிடம் யோசனை கேட்க இரண்டு கடைக்காரர்கள்கூட வந்துபோனார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. தீபாவளி முடிந்து, பார்சல் எல்லாம் போய், பெண்களெல்லாம் புதுச்சேலையில் வந்து போனபிறகு ஈஸ்வரியைக் கேட்டேவிட்டேன். அவர் எட்டிப் பார்த்தார். பூமிநாதன் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

"இங்குட்டு வாங்கண்ணே" என்று அறைக்குள் கூட்டிப்போய் மிஷினுக்குப் பின்பக்கம் காட்டினார். மிஷினிலிருந்து சுவருக்குப் போகவேண்டிய இணைய ஒயர் பிடுங்கப்பட்டுச் சும்மா தொங்கியது.

"ஆடி மாசம் பிரியா வந்தப்பவே எல்லாத்தையும் வெளிய குடுத்தாச்சு. இது சும்மாதான் எரியுது."

"அப்ப இத எடுத்துப் போட்டுர வேண்டியதுதானம்மா? ஏசிக்குத் தண்டமா கரண்டு, டின்னுக்கு எடமில்ல..."

"அய்யோ, வேணாம்ண்ணே!" ஈஸ்வரி பதறிவிட்டார். "இத எடுத்துட்டா அவுக அடுப்படிக்கு வந்துருவாக!"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்றதற்கும் மிஷின் ஏலத்துக்கு வந்ததற்கும் நடுவில் கொஞ்ச காலம் பூமிநாதன் பின்கட்டில் இருந்தார். முறுக்கு எல்லாம் ஒரே அகலமாக இருக்கவேண்டுமென்று ஸ்கேல் வைத்து அளந்தார். எண்ணெய்க்குள் தெர்மாமீட்டர் விட்டார். ஒரு முறுக்கு வேக எவ்வளவு நேரம் ஆகிறதென்று வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு பெண்களின் தலைக்குப் பின்னால் நின்றார். அந்த மாதம் சுற்றிய முறுக்கு முழுக்க உடைந்தது என்று பேச்சு. ஆக, ஒரு மனிதர் அடுப்படிக்கு வராமல் இருக்க ஓர் அறை, ஓர் ஏசி, ஒரு மிஷின். யோசித்துப் பார்த்தால் மலிவுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நீங்களும் நானும் பூமிநாதனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

அடுத்து வந்த பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தது. மிஷினை நகர்த்தவேண்டும், ஆனால் வெள்ளையடிக்கிறவர் அதைத் தொடக்கூடாது. வெளியே கொடுக்காதவர் அல்லவா? என்னைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையோடு இழுத்தோம். பின்பக்கம் தெரிந்தது. ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் மூக்குக்கு நேராக.

பூமிநாதன் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை, இருந்தாலும் பார்த்தேன்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். ஒயரின் முனையைப் பிடித்து, அதன் பல்லிடுக்கெல்லாம் பதமாகத் துடைத்தார். மாட்டவில்லை. முன்பு எப்படித் தொங்கியதோ அதேபோலத் தொங்கவிட்டார். அப்போதுதான் கவனித்தேன். மிஷினுக்கு அடியில் விரல்கனத்துக்குத் தூசி, அந்த ஒயர் முனையைத் துடைத்த துண்டில் மட்டும் பொட்டுத் தூசி இல்லை. ஆடியிலிருந்து தொங்குகிற ஒயர்! அவர் துடைப்பது இதுதான் முதல் தடவை என்றால் துண்டு எப்படி அத்தனை சுத்தமாக இருக்கும்?

"தெரியுமாய்யா உனக்கு?" என்று கேட்டேன். வாய் தாங்கவில்லை.

"லேபுல இருந்த ஆளுண்ணே நான்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "போன தீவாளிக்கு அவ அழுதாள்ல. இந்தத் தீவாளிக்கு அழுகல. அது போதும்" என்றார்.

இந்த ஆளையா இத்தனை நாள் கேலி செய்தோம் என்று அவர் தோளைத் தொடப்போனேன். அதற்குள் அவர் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஈஸ்வரிகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீகண்ணே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ரூம முறுக்கு டின்னுக்குக் கேப்பா. இந்த ஏசிய விட்டுட்டு அந்த அடுப்படில போயி யாரு வேகுறது?"

மேசையைத் திருப்பித் தள்ளினோம். பச்சை லைட்டு எரிந்தது. "நல்லா ஓடுது" என்றார், பின்கட்டுக்குக் கேட்கும்படியாக. "ஆமாங்க, நீங்க பாத்துக்கிட்டா சரியாத்தான் இருக்கும்" என்று பின்கட்டிலிருந்து பதில் வந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று நீங்கள் கிட்டே நின்று பார்த்துக்கொள்வதால்தான் ஓடுகிறது என்று வெகுநாளாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? பிள்ளையின் படிப்போ, ஆபீஸோ, சங்கமோ, இல்லை வீடேதானோ. வீட்டிலுள்ளவர்களும் "நீங்க பாத்துக்கிட்டா சரியாத்தான் இருக்கும்" என்று அடிக்கடி சொல்கிறார்களா? அப்படியானால் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அதன் பின்பக்கம் ஒருதரம் போய் வாருங்கள். கையோடு ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.