மகள் அனுப்பிய படமும் மச்சினன் கொண்டுவந்த மாலையும்

கழுத்துக்கு மாலை வருவது எல்லோருக்கும் நடப்பதுதான். கல்யாணத்தன்று ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை. அந்தக் கடைசி மாலையைக் கண்ணைத் திறந்து முழுசாகப் பார்த்து, "என்ன வே, பூ இம்புட்டு வாடிப்போயிருக்கு" என்று குறை சொன்ன ஆள் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சம்பங்கி மாலை. நடுநடுவே ரோஜா வைத்துக் கட்டியது. கொண்டுவந்தவன் என் மச்சினன் சங்கரபாண்டி. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு டவுன்லோடு.

(அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த லோடு எல்லாம் லாரியில் வருவதுதான்.)

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதெல்லாம் பஸ் போர்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பேட்டைக்கு மேற்கே கால்வாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி வேலை பார்த்தேன். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து, மடையைத் திறந்தும் அடைத்தும் விடுகிற வேலை. கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். தண்ணீர் குறைந்த வருசத்தில் வந்து பார்க்க வேண்டும். தலைமடைக்காரன் தும்மினால் கடைமடைக்காரன் அரிவாளைத் தேடுவான். "அடைச்சுட்டேன் அண்ணாச்சி, சத்தியமா அடைச்சுட்டேன்" என்பார்கள். நான் வரப்பில் நாலு எட்டு வைப்பதற்குள் பலகையைத் தூக்கிவிடுவார்கள். அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். மேலே உள்ளவனின் மடைப்பலகையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் மண்ணை வெட்டி அடைத்துவிட்டு, பலகையை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவேன். முறை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளட்டும். எங்கள் வீட்டுச் சுவரில் எப்போதும் யாராவது ஒருவனின் பலகை சாய்ந்திருக்கும். என் வீட்டுக்காரி அதில் வடகம் காயப்போடுவாள்.

அவள் இப்போது இல்லை. டவுணில் ஒரு வளவில் இரண்டு அறை வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். வளவு என்றால் ஒரே வாசல், உள்ளே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் எல்லா வீட்டுக்கும் தும்மல் வரும். அப்படி இருந்தும் சில நாட்களில் நான் வாயைத் திறந்து பேசுகிற முதல் பேச்சு, சாயங்காலம் பால்காரரிடம் சொல்கிற "போதும்" என்பதாக இருக்கும்.

மகள் இசக்கியம்மாள் ஐதராபாத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேசுவாள். "சாப்ட்டியளாப்பா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பேன். மழையா என்று அவள் கேட்பாள், வெயில் என்று நான் சொல்வேன். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். பேச்சு எல்லாம் அவள் அம்மா வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்பதே, அந்த வழி அடைபட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருப்பது ரொம்ப நீண்டுபோனதால், ஏதாவது கேட்போமே என்று கேட்டேன்.

"ஏட்டி, அங்கன நீ என்ன வேலைதான் பாக்க?"

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இத்தன வருசத்துல இன்னைக்குத்தாம்ப்பா கேக்கிய" என்றாள். கோபமா சந்தோசமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை என்றாள். விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் வரைவார்களாம். "நான் வரைஞ்சது எல்லாத்தையும் அனுப்புதேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பேசையில, எது பிடிச்சிருக்குன்னு சொல்லணும். சரியா?"

சரி என்றேன். முதல் தடவையாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு எங்களுக்கு ஒரு விசயம் இருந்தது.

மறுநாள் வந்தது படம் இல்லை. நீல நிறத்தில் ஒரு வரி. அதை அமுக்கினால் படம் வரும் என்று முன்வீட்டுக் கோமதி சொன்னாள். கோமதி வீட்டிலேயே தையல் போடுகிறவள். வளவில் யாருக்குப் போனில் சந்தேகம் என்றாலும் மெசினை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பாள். அமுக்கிப் பார்த்தவள் மூக்கில் விரலை வைத்தாள்.

"மாமா, இது ரொம்பப் பெருசுல்லா. உங்க போனு தாங்காது."

"படந்தானம்மா? படம் எப்படிப் பெருசா இருக்கும்?"

ஒரே படத்தைக் கண்ணாடித் தாள்களை வைத்த மாதிரி அடுக்கடுக்காக வரைவார்களாம். ஆகாசம் ஒரு அடுக்கு, மலை ஒரு அடுக்கு, புல் ஒரு அடுக்கு. இசக்கி எதையும் சுருக்காமல் மொத்தத்தையும் மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டாள். (அவள் அம்மாவும் இப்படித்தான். தங்கச்சி வீட்டுக்குக் கொஞ்சம் புளி கொடுத்துவிடு என்றால் சாக்கோடு கொடுத்துவிடுவாள்.) இன்னொன்றும் கோமதி சொன்னாள். அந்த நீல வரிக்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் உயிர். அதற்குப் பிறகு அமுக்கினாலும் வராது.

திங்கட்கிழமையே ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கம்பெனிக்காரன் அளந்து விடுகிற நெட்டு, நான் காலையில் பல் விளக்கி முடிப்பதற்குள் தீர்ந்துபோயிற்று. மறுநாள் பார்த்தால் முந்தின நாள் வந்ததையும் காணோம், மறுபடி முதலில் இருந்து ஓடுகிறது. கரை உடைந்து தண்ணீரெல்லாம் ஓடைக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஒரு தடவை பாதிக்கு மேல் வந்தபோது யாரோ தெரியாத பெண் போன் போட்டு, எனக்கு வீட்டுமனை வேண்டுமா என்று கேட்டாள். பேசி முடித்துப் பார்த்தால் எல்லாம் நின்றுபோயிருந்தது. அந்த வாரம் எனக்குச் சரியான தூக்கமே இல்லை. கண்ணை மூடினால், எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டுகிற அந்தப் பச்சைக் கோடு பைய நகர்கிற மாதிரியே இருக்கும்.

சனிக்கிழமை கோமதி பாவப்பட்டு, நாளைக்குக் காலையில் தன் வீட்டு வைஃபையில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போன் வந்து கெடுக்காமல் இருக்க விமானப் படத்தை அமுக்குவது எப்படி என்றும் காட்டிக் கொடுத்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா மாமா, வளவுல எல்லாரும் என் வைஃபைதான். எல்லாரும் இழுக்கையில கடைசி வீட்டுக்குப் பையத்தான் வரும்."

என் வீடுதான் கடைசி வீடு. கடைமடை.

அவ்வளவுதான், எனக்கு வயசு பாதியாகக் குறைந்துவிட்டது. இது வரைக்கும் எனக்குப் புரியாத விசயம் என்று நினைத்ததெல்லாம், வாழ்க்கை பூராவும் நான் பார்த்த வேலையாக இருக்கிறதே!

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, திருநீறு பூசி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மத்தியானம் வரைக்கும் போனை அணைத்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் சரி என்றார்கள். சரி என்கிறவர்களை எனக்குத் தெரியாதா? பனை ஓலைப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். "அணைச்சு இதுல போட்டிருங்க தாயி" என்றேன். கோமதி எனக்காகப் பரிந்து பேசினாள். புள்ள வரைஞ்ச படத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார், பாவம் என்றாள். மாமா பலகையை உருவ வந்துவிட்டார் என்று கேலி பண்ணிக்கொண்டே எல்லோரும் போட்டார்கள். கோமதியின் போனையும் விடவில்லை. சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துத் துண்டால் மூடினேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். விமானப் படத்தை அமுக்கினேன். நீல வரியை அமுக்கினேன். இடம் இல்லை என்றது போன்.

அதுவும் எனக்குத் தெரிந்த வேலைதான். தண்ணீர் வருவதற்கு முன்னால் குளத்தைத் தூர்வார வேண்டும். வாரினேன். காலை வணக்கப் பூக்கள், கோயில் கொடை விழா வீடியோக்கள், யாரென்றே தெரியாத ஒரு குழந்தையின் பிறந்தநாள், எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். இன்னும் இடம் வேண்டும் என்றது. இசக்கி முகம் பார்த்துப் பேசுகிற அந்தப் பச்சைப் பெட்டி நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதையும் தூக்கினேன். (இசக்கியின் படத்தைப் பார்ப்பதற்காக இசக்கி வருகிற வழியையே அடைத்தவன் நான். கோமதி இந்த இடத்தில் எப்போதும் தலையில் அடித்துக்கொள்வாள்.)

கோடு ஓட ஆரம்பித்தது. என்ன வேகம்! முதல் தண்ணீர் கால்வாயில் நுரைத்து வருகிற மாதிரி இருந்தது. போனை நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒரு வாரத் தூக்கம் அங்கேதான் என்னை அமுக்கியது.

நான் கணக்குப் போடாத ஒன்று இருந்தது. வழக்கமாகச் சாயங்காலம் பேசுகிறவளுக்கு அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கவில்லை. எனக்கு எது பிடித்தது என்று கேட்கக் காலையிலேயே போன் போட்டிருக்கிறாள். என் போன் கிடைக்கவில்லை. கோமதிக்குப் போட்டாள், அணைந்திருந்தது. வளவில் தெரிந்த எல்லோருக்கும் போட்டாள், எல்லாம் அணைந்திருந்தது. பயந்துபோய்ப் பாளையங்கோட்டையில் இருக்கிற தாய்மாமன் சங்கரபாண்டிக்குப் போட்டு அழுதிருக்கிறாள்.

சங்கரபாண்டி யோசித்தான். அத்தான் எடுக்கவில்லை, சரி. வளவில் ஒருத்தர்கூட எடுக்கவில்லை என்றால்? மொத்த வளவும் வேலையாக இருக்கிறது. மொத்த வளவும் வேலையாக இருப்பது எந்த வீட்டில்? இதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூக்கடையைச் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள் என்பது மட்டும் ஞாபகம் வந்திருக்கிறது. மாலையை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தான். பஸ்ஸில் கூட்டமாக இருக்கிறது என்று ஒரு வருசமாக என்னைப் பார்க்க வராதவன், நான் செத்ததற்கு ஆட்டோவில் வந்தான்.

கதவு இடிபடுகிற சத்தத்தில் முழித்தேன். முதலில் கோட்டைத்தான் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. கதவைத் திறந்தால் காற்று வந்து அறுந்துபோகுமோ என்று ஒரு பயம்.

"யாரு?" என்றேன்.

வெளியே அழுகை பட்டென்று நின்றது.

"அத்தான்... உசுரோட இருக்கியளா?"

"இருக்கேன் வே. சத்தம் போடாத. வந்துக்கிட்டு இருக்கு, கொஞ்சந்தான் பாக்கி."

"என்னத்தான் பாக்கி?" என்றான்.

கடைசியில் கதவைத் திறந்தேன். கையில் மாலையோடு நின்றான். பின்னால் வளவு மொத்தமும் நின்றது. மாலையின் வாட்டத்தைப் பற்றி நான் சொன்னது அப்போதுதான். அவன் என்னைத் திட்டவில்லை. என் கையைத் தொட்டுப் பார்த்தான். ஓலைப் பெட்டியை எடுத்து அவரவர் போனை உயிர்ப்பித்தபோது, ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் இசக்கி கூப்பிட்டிருந்தாள்.

அவளைக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. அதற்குள் விமானத்தில் ஏறிவிட்டாள்.

மாலையை என்ன செய்வது என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது. பூக்காரர் திரும்ப வாங்க மாட்டார். சாவுக்கு வாங்கியதைச் சாமிக்குப் போடக் கூடாது. எனக்கே போட்டுவிடலாம் என்று ஒருத்தர் சொன்னார். சங்கரபாண்டி சுவரைப் பார்த்தான். "அக்காவுக்குப் போடுவோம் அத்தான்" என்றான். நாற்காலியில் ஏறி அவள் படத்துக்குப் போட்டான். போன திதிக்குப் பிறகு அந்தப் படத்துக்கு நான் ஒரு முழம் பூகூட வாங்கியிருக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மதுரையிலிருந்து வந்த வாடகைக் கார் தெருமுனையில் நின்றது. நான் வளவு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். இசக்கி ஒரு பையோடு வந்து எனக்கு எதிரே நின்றாள். முகம் வீங்கியிருந்தது. வழியிலேயே மாமன் சொல்லித் தெரிந்திருக்கும். ஆனாலும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாப்ட்டியளாப்பா?"

"சாப்ட்டேன்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுது முடித்து, "படம் பாத்தியளா?" என்றாள். போனைக் கொடுத்தேன். முழுக்க வந்து இறங்கியிருந்தது. ஆனால் திறக்கவில்லை. இந்தப் போனில் அது திறக்கவே திறக்காதாம். படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா சிரிப்பு.

அவளுடைய கம்ப்யூட்டரில்தான் பிறகு பார்த்தேன். மலை, கோட்டை, மழை பெய்கிற தெரு, யாரோ எழுந்துபோன நாற்காலி.

"ஆளே இல்லையேம்மா" என்றேன்.

"ஆளு வரைய வேற ஆளு இருக்காங்கப்பா. ஆளுக்குப் பின்னால இருக்கத நான் வரைவேன்."

எனக்கு ஒன்று பிடித்திருந்தது. அறுவடை முடிந்த வயல், ஒரு மடை, சேற்றில் நடந்துபோன காலடித் தடம். தடத்தில் சுண்டுவிரல் மட்டும் தனியே விலகி இருந்தது. இது பிடிச்சிருக்கு என்றேன். அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

புதன்கிழமை போய்விட்டாள்.

எங்கள் சொந்தத்தில் யாராவது போனை எடுக்கவில்லை என்றால் இப்போதும், "அத்தானுக்குத் தண்ணி வருது போல, விடு" என்பார்கள். கல்யாண வீடுகளில் சங்கரபாண்டி என்னைக் கண்டால், மாலை புதுசா என்று முகர்ந்து காட்டுவான். அந்த மூட்டை இன்னும் போனிலேயே கிடக்கிறது. இடம் இல்லை, இடம் இல்லை என்று தினமும் காலையில் போன் சொல்லும். திறக்காததை எதற்கு வைத்திருக்கிறீர்கள், அழித்துத் தருகிறேன் என்பாள் கோமதி. வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டில் இடம் காலியாகத்தானே கிடக்கிறது. போனாவது நிறைந்து கிடக்கட்டும்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் மணி அடிக்கும்போது, எடுக்காமல் இருந்து பார்த்தால் என்ன என்று தோன்றும். இரண்டு தடவை அடிப்பதற்கு மேல் பொறுக்க முடிவதில்லை. எடுத்துவிடுவேன்.

"சாப்ட்டியளாப்பா?" என்பாள்.