பதினான்கு திருத்தங்களும் ஒரு மன்னிப்பும்

கலைஞர்களால் கலை வளர்ந்தது என்பது கலைஞர்களே கிளப்பிவிட்ட வதந்தி. கலையை வளர்த்தவர்கள் செயலாளர்கள். கலைஞர் பாட்டுக்கு இஷ்டப்படி செய்துகொண்டே போவார். எங்கே வெட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும், யார் மனம் கோணக் கூடாது என்பதெல்லாம் செயலாளருக்கு அல்லவா தெரியும்? வலென்சியா நகரம், பழைய அடுமனைத் தெரு விழாக் குழுவில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கும் ஒனோஃப்ரே ஆகிய நான் இதை எந்த மேடையிலும் சொல்லத் தயார். இதுவரை யாரும் மேடை தரவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் எளிமையானது. மார்ச் மாதம் தெருவுக்குத் தெரு மூன்று மாடி உயரத்துக்குக் கேலிப் பொம்மைகளை நிறுத்துவோம். அந்த வருஷம் யார் யார் ஊரை ஏய்த்தார்களோ, அவர்களெல்லாம் மூக்கு நீண்டு, தொந்தி சரிந்து அதில் நிற்பார்கள். ஊரே நாலு நாள் பார்த்துச் சிரிக்கும். பத்தொன்பதாம் தேதி எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

எங்கள் தெருவுக்குப் பொம்மை செய்பவர் ரொஸேர். கெட்டிக்காரி. ஆனால் தனக்கென்று ஒரு 'பார்வை' இருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். கலைஞர்களுக்கு வருகிற வியாதிதான். இந்த முறை அவர் போட்ட வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. உருளைச் சக்கரம் வைத்த பிரம்மாண்டமான பயணப் பெட்டி. அது வாயைப் பிளந்து எங்கள் தெருவையே விழுங்குகிறது. ரொட்டிக்கடைக்காரர், மருந்துக்கடை அம்மா, பள்ளிக்கூடம் எல்லாம் வரிசையாக உள்ளே சரிகின்றன. பல்லிடுக்கில் யாரோ ஒருவருடைய துணி காய்கிறது. பெட்டியின் மேல் சவாரி செய்கிறார் ஒரு கோட்டுக்காரர்.

அந்தக் கோட்டுக்காரர் யார் என்று தெருவில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'கடற்காற்று விடுதி' நிறுவனத்தின் முதலாளி. எங்கள் தெருவில் பதினோரு வீடுகளை வாங்கி, குடியிருந்தவர்களைக் காலி செய்து, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விடுகிறவர். ரொஸேர் குடியிருந்த வீடும் அந்தப் பதினொன்றில் ஒன்று. ஏப்ரலுக்குள் கிளம்பச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தது உண்மைதான். அதற்காகச் சொந்தத் துக்கத்தைப் பொதுக்கலையில் கலக்கலாமா?

மேலும் அந்த வருஷம் எங்கள் தெருவுக்கு விளக்கலங்காரமும் ஐந்து இசைக்குழுக்களும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த புரவலரும் அதே 'கடற்காற்று'தான்.

நிறுவனத்தின் 'கலாச்சார நல்லுறவு அலுவலர்' போர்ஹா என்ற இளைஞர் வெள்ளைக் காலணியோடு வந்து வரைபடத்தைப் பார்த்தார். கோபப்படவே இல்லை. பெரிய இடத்துப் பண்பு.

"சூப்பரா இருக்கு சார். நாங்க கலையில தலையிடவே மாட்டோம். அந்தப் பல்லு மட்டும் கொஞ்சம் நெகட்டிவா இருக்கோ?" என்றார்.

அன்று பிறந்தது திருத்தம் எண் 1: 'பற்களை நீக்குக.'

ரொஸேர் தன் பட்டறையில், தலையெல்லாம் நுரைப்பலகைத் தூளோடு நின்று அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"அண்ணே, பல்லு இல்லேன்னா அது வெறும் பெட்டிண்ணே."

"பெட்டியும் அழகுதானேம்மா?"

"எரியப்போற சாமான்தானே? நாளைக்கு மியூசியத்துல வைக்கப் போறமா? கொளுத்தறதுக்கு முன்னால நாலு நாள் உண்மையைச் சொல்லிட்டு நிக்கட்டுமே. அந்த நாலு நாள்கூட உங்களுக்குப் பொறுக்காதா?"

அவர் கண் கலங்கியிருந்தது. தூள் விழுந்திருக்கும் என்று நினைத்து நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

அதன்பின் கலை வேகமாக வளர்ந்தது. விழுங்கப்படும் மக்கள் 'தாமாக முன்வந்து நுழையும்' மக்கள் ஆனார்கள் (எண் 3). அழுகை புன்னகையானது (எண் 4). இத்தனை பேர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று குழப்பம் வரும் என்பதால் மக்கள் முழுவதுமாக நீக்கப்பட்டார்கள் (எண் 6). கோட்டுக்காரர் இருந்த இடத்தில் ஒரு கடற்காகம் உட்கார்ந்தது (எண் 7). பெட்டி நிறுவனத்தின் நீல நிறத்துக்கு மாறியது (எண் 9). பிறகு அதற்கு இறக்கை முளைத்தது. ஒவ்வொன்றையும் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்திட்டு நானே நேரில் கொடுத்தேன்.

"என் பேரையாவது எடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் ரொஸேர்.

"கலைஞர் பெயர் இல்லாமல் பொம்மை நிறுத்த விதி இல்லையேம்மா" என்றேன். விதி விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்கள் குழுவுக்கு முதுகெலும்பு இல்லை என்று சில தெருக்காரர்கள் பேசுவதாகக் கேள்வி. அவர்கள் பிப்ரவரி முதல் ஞாயிறு நடந்த பொதுக்குழுவைப் பார்த்திருக்க வேண்டும். நீலப் பெட்டியும் இறக்கையும் நான்கு நிமிடத்தில் ஒருமனதாக நிறைவேறின. பிறகு போர்ஹா எழுந்தார்.

"கடைசியா ஒரு சின்ன ஐடியா. விழா அன்னிக்குத் தெருவுல பயேயா சோறு ஆக்கறீங்கல்ல? அதுல கொஞ்சம் வெங்காயமும் தொத்திறைச்சியும் போட்டா வெளிநாட்டு கெஸ்டுங்களுக்குப் பிடிக்கும்."

பொருளாளர் கொன்சோல் அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தலைவர் பதிஸ்தா, இறைச்சிக்கடை வைத்திருப்பவர், மேசையில் ஓங்கிக் குத்தினார்.

"என்னது, தொத்திறைச்சியா? பயேயாவுலயா? யார் வீட்டுச் சோத்துல வந்து யாருய்யா கை வைக்கிறது?"

"இல்ல சார், சும்மா ஒரு டேஸ்ட்டுக்கு..."

"டேஸ்ட்டா? முயலு, கோழி, அவரை. அவ்வளவுதான் பயேயா. உன் விளக்கும் வேணாம், உன் மோளமும் வேணாம். எடுத்துட்டுக் கிளம்பு! கொள்கைன்னு ஒண்ணு இருக்குய்யா மனுஷனுக்கு!"

அறுபத்துமூன்று கைகள் உயர்ந்தன. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். வணிக நெருக்கடிக்கு அடிபணியாமல் எங்கள் தெரு நிமிர்ந்து நின்ற அந்தக் கணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. போர்ஹா பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார். விளக்கும் மேளமும் எங்கும் போகவில்லை.

பின்வரிசையிலிருந்து ரொஸேர் எழுந்தார். "சோத்துக்கு வந்த ரோஷத்துல ஒரு கரண்டி என் பொம்மைக்கும் வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நடவடிக்கைக் குறிப்பில் அதை 'நன்றியுரை' என்று பதிந்தேன்.

மறுநாள் அவர் அலுவலகத்துக்கே வந்தார். ஆளே மாறியிருந்தார். முதல்முறையாக என்னை 'அய்யா' என்றார்.

"இனிமே எதிர்த்துப் பேசல அய்யா. நீங்க என்ன சொன்னாலும் அப்படியே செய்யறேன். எழுத்துல மட்டும் குடுத்துடுங்க."

இதைத்தான் பக்குவம் என்பது. விழாவுக்கு முன்னால் நடக்கும் நகரக் கண்காட்சிக்கு ஒவ்வொரு தெருவும் தன் அமைப்பிலிருந்து ஒரு மனிதப் பொம்மையை அனுப்ப வேண்டும். எங்கள் பெட்டியில்தான் மனிதர்களே மிச்சமில்லையே. எனவே திருத்தம் எண் 13: 'யாரையும் புண்படுத்தாத, கண்ணியமான, புன்னகை தவழும் மனிதர் ஒருவர், ஏதேனும் துப்புரவுப் பணி செய்வதுபோல்.'

"யார் முகத்தை வைக்கட்டும் அய்யா? தப்பித் தவறி யாராவது கோவிச்சுக்கிட்டா?"

யோசித்தேன். கண்ணியம், புன்னகை, யாரையும் புண்படுத்தாமை. கூச்சத்தோடு என் பெயரைச் சொன்னேன். மூன்று காலை நேரங்கள் அவர் முன்னால் அசையாமல் உட்கார்ந்தேன்.

எண் 14: 'விளக்கப் பலகையில் நையாண்டி வசனங்கள் கூடாது. உண்மையான தகவல்கள் மட்டுமே இடம்பெறலாம்.'

கண்காட்சி திறந்த அன்று எங்கள் பொம்மையின் முன்னால் நகர முடியாத கூட்டம். அப்படியே நான்தான்: அதே கண்ணாடி, அதே கழுத்துப்பட்டை, அதே திருப்தியான புன்னகை. ஒரு கையில் சின்னஞ்சிறு பெண் பொம்மை, மறு கையில் துணி. அதன் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன பரிவு என்று நெகிழ்ந்துபோனேன். துணியில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்ததும், பொம்மைக்குப் பாதி வாய் அழிந்துபோயிருந்ததும், அந்த முகம் ரொஸேரின் முகம் என்பதும் பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. விளக்கப் பலகையில் வசனம் ஒன்றுகூட இல்லை. என் பதினான்கு கடிதங்கள் மட்டும், முத்திரையோடு, வரிசையாக ஒட்டியிருந்தன.

ஒரு பெண்மணி படித்துப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அய்யோ, ஆறாம் நம்பரைப் படிச்சீங்களா? மக்களை நீக்குகவாம்! ஆமா... நீங்கதானே அது?"

"நானேதான்" என்றேன். வேறென்ன சொல்ல?

"ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அந்தத் துணியைப் புடிச்சிருக்கற மாதிரி நில்லுங்க."

நின்றேன்.

கண்காட்சியில் மக்கள் வாக்களித்து ஒரே ஒரு பொம்மைக்கு மன்னிப்பு வழங்குவார்கள். அது மட்டும் தீயிலிருந்து தப்பி அருங்காட்சியகத்துக்குப் போகும். அந்த வருஷம் மன்னிக்கப்பட்டவன் நான். பத்தொன்பதாம் தேதி ஊரில் உள்ள பேராசைக்காரர்கள், பொய்யர்கள், கையூட்டு வாங்கியவர்கள் எல்லாரும் எரிந்து சாம்பலானார்கள். மறுநாள் காலையில் தெருவைக் கூட்டிக் கழுவியதோடு ஊர் அவர்களை மறந்தும் போயிற்று. கடற்காற்றின் நீலப் பெட்டியும் எரிந்தது. நான் கண்ணாடிப் பேழைக்குள், விளக்கு வெளிச்சத்தில், வாயைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். என்னை எரித்துவிடும்படி விண்ணப்பித்தேன். மன்னிக்கப்பட்டதை எரிக்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. எந்தச் செயலாளரோ நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

மே மாதம் ரொஸேரைத் தேடிப் போனேன். தெருவைக் காலி செய்து, ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் பட்டறை போட்டிருந்தார். சுவரில் பழைய வரைபடம் தொங்கியது. பெட்டிக்கு எல்லாப் பற்களும் இருந்தன. திருத்தம் எண் 15-ஐ நீட்டினேன்: 'முகத்தை மட்டும் மாற்றுக.'

படித்தார். சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் பத்திரமாக மடித்தார்.

"மாத்தறதுக்கு இல்லைங்க அய்யா. இந்த வருஷம் நான் கண்ணால பார்த்தத அப்படியே செஞ்சது அது ஒண்ணுதான். ஆனா நீங்க சிரமப்பட்டு எழுதியிருக்கீங்க, வீணாப் போகக் கூடாது. மியூசியத்துல கேட்டுப் பார்க்கறேன், பலகையில இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு."

இப்போது பலகையில் பதினைந்து கடிதங்கள் இருக்கின்றன. கையெழுத்து எல்லாவற்றிலும் தெளிவாக இருக்கிறது.