படக்காரியின் அண்ணன்

படம் எடுப்பவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய அண்ணன்மாரைத் தெரியுமா? அது தனி இனம். டீக்கடையில் யாரும் கேட்காமலே அண்ணன் ஆரம்பிப்பார்.

"என் தங்கச்சி போட்டோகிராபருங்க."

"கல்யாணத்துக்கு எடுக்குமா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஊர்ல யாரும் வாழாத மாதிரி வாழறவங்கள மட்டும்தான் எடுக்கும்."

"அதுல காசு என்னாங்க வரும்?"

இந்தக் கேள்வி மட்டும் அண்ணன் செவியில் விழாது.

வேங்கிக்கால் சகாதேவனையே பாருங்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை; மனு கொடுக்க வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படமும் எடுப்பார். படிப்பு பத்தாவதோடு நின்றது, ஒழுங்கு நிற்கவில்லை. தோள் சாய்ந்தால் விடமாட்டார், காலர் மடிந்தால் விடமாட்டார், இரண்டு காதும் தெரியாவிட்டால் கேமராவையே தொடமாட்டார். தங்கை கவிநிலா நேர் எதிர். மயானத்தில் குடியிருப்பவர், உடம்பெல்லாம் பச்சை குத்திய பைக் கூட்டம், ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துப் பெயரையும் மாற்றிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் என்று வருடக்கணக்கில் தேடித் தேடி எடுத்தாள். கலைந்த தலை, பாதி முகம், மீதி இருட்டு. அண்ணன் ஒவ்வொரு படத்தையும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புவார். கொஞ்சம் வெளிச்சம் கூட்டி.

அவளுடைய புத்தகத்துக்கு ஒரு படம்தான் பாக்கி. பாங்கு மேனேஜர் வேலையை உதறிவிட்டுக் கிரிவலப் பாதையில் சடைமுடியோடு உட்கார்ந்துவிட்ட ஒரு சாமியுடையது; அவர் கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுவார். கவிநிலா மாதக்கணக்கில் போய் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒரு காலையில் சாமி ஒருவழியாகத் தலையசைத்தார். அவள் சத்தமில்லாமல் கேமராவை எடுத்தாள்.

பை தூக்க வந்த அண்ணனுக்குப் பொறுக்குமா?

"சாமி, ஒரு நிமிஷம்" என்று போய், முகத்தில் விழுந்த சடையை இரு பக்கமும் ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விட்டார்.

"அண்ணா, கைய எடுண்ணா!"

"நீ சும்மா இரும்மா. சாமி, நேரா உக்காருங்க. தாடைய ஜாஸ்தி தூக்கிட்டீங்க, கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

போச்சு, சாமி எழுந்துவிடப்போகிறார் என்று கவிநிலாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

சாமி எழவில்லை. அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. கை கழுத்துக்குப் போய், அங்கே இல்லாத டையைச் சரிசெய்தது. செய்ததை உணர்ந்து திகைத்தார். அடுத்த கணம் சிரித்துவிட்டார். கவிநிலா அழுத்திவிட்டாள்.

அதுதான் அட்டைப்படம். சென்னைக் கண்காட்சியில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். அந்தக் கையையும் சிரிப்பையும் பார்க்க எல்லோரும் கிட்டே கிட்டே வந்தார்கள். சகாதேவன் மட்டும் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார்: "காது ரெண்டும் எவ்ளோ தெளிவா கீது பாருங்க!"

"யாருங்க இவரு?" என்று கவிநிலாவிடம் ஒருவர் கிசுகிசுத்தார்.

"எங்கண்ணன். நான் எடுக்காம விட்ட ஒரே ஆளு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நேற்று பஸ்ஸில் உங்கள் தம்பியின் வேலையைப் பற்றிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்களே, கீழ்பென்னாத்தூருக்கு டிக்கெட் எடுத்த அந்த மனிதர் பாதி வழியிலேயே ஏன் இறங்கிக்கொண்டார் என்று யோசித்தீர்களா?